உதயகிரிக் கோட்டையில் ஒரு நடை

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

சென்ற ஆண்டு நம் குடியிருப்புக் குடும்பங்கள் உதயகிரிக் கோட்டைக்குச் சென்றுவந்ததைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மேடையில் பேசுவதற்கு இலக்கியம் இருக்கின்றது, சமயம் இருக்கின்றது. ஒருநாள் உலாவைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று முதலில் தயங்கினோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அந்த ஒருநாள் நடையில் நம் கண்ணில் பட்ட ஒரு கல், இந்த ஆரியங்கோட்டில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் விடை கூறவேண்டிய ஒரு கேள்வியை எழுப்பியது என்பது நினைவுக்கு வந்தது. ஆதலின் இப்பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றோம்.

உலகில் பெரும்போர் நடந்த இடங்கள் பலவற்றை மக்கள் பூங்காவாக்கிப் போற்றுகின்றனர். அமெரிக்க நாட்டில் 1863ஆம் ஆண்டு சூலை மாதம் மூன்று நாள் நடந்த உள்நாட்டுப் போரின் களமாகிய கெட்டிசுபர்க்கு இன்று தேசியப் பூங்காவாக விளங்குகின்றது. குடும்பத்தோடு வருவோர் அங்கே கால்நடையாகச் சுற்றி வருகின்றனர். பெல்சிய நாட்டில் நெப்போலியன் 1815இல் தோல்வியுற்ற வாட்டர்லூவில் ஒரு செயற்கைக் குன்று எழுப்பி, அதன் உச்சியில் சிங்கச் சிலையொன்றை நிறுத்தியிருக்கின்றனர். இவற்றைப் படிக்கும்போதெல்லாம், "நம் நாட்டில் இப்படி ஓர் இடம் இல்லையே" என்று பெருமூச்சு விடுவாரைக் கண்டிருக்கின்றோம். இல்லாமல் இல்லை, இருக்கின்றது. அதுவும் நம் வாயிற்படியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்திலேயே இருக்கின்றது.

பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று நெடுஞ்சாலை வழியே சென்றால், புலியூர்க்குறிச்சி என்னும் ஊரில் சாலையோரமாகவே பெரிய கருங்கல் மதில் ஒன்று தோன்றும். அதுதான் உதயகிரிக் கோட்டை. நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்லும்போது நம்மில் பலர் அதனை எத்தனையோ முறை கடந்திருப்போம். மதில் தெரியும், மதிலுக்குள் என்ன என்பது தெரியாது. சென்ற ஆண்டு வரை நம் நிலையும் அதுவே.

கோட்டையின் பரப்பு ஏறத்தாழ 90 ஏக்கர். நடுவில் ஏறத்தாழ 260 அடி உயரமுள்ள தனிக்குன்று ஒன்று நிற்கின்றது. அக்குன்றைச் சூழ்ந்து மதில் ஓடுகின்றது. உள்ளே தமிழ்நாட்டு வனத்துறையினர் பல்லுயிர்ப் பூங்கா ஒன்றை அமைத்திருக்கின்றனர். மரநிழல் உண்டு, மான்களும் பறவைகளும் உண்டு, குழந்தைகள் விளையாட இடம் உண்டு. மலையேற்றம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. குன்றின் அடிவாரத்தில், பெரும்பாலும் சமநிலமான வழியில் நடந்து, புறப்பட்ட வாயிலுக்கே திரும்பி வரலாம். முழங்கால் வலியுடைய பாட்டிமாரும், கைப்பிடித்து நடக்கும் சிறுவரும் எங்களோடு வந்தனர். ஒருவரும் "முடியாது" என்று உட்காரவில்லை. உட்கார்ந்தவர் ஓய்வுக்காக உட்கார்ந்தனரே அன்றி, களைப்பினால் அன்று.

அன்று உள்ளே நுழையுமுன் வாயிலருகே குழந்தைகளை வட்டமாக அமர்த்தி, இக்கோட்டையின் கதையைக் கூறினோம். கதை தெரியாமல் நடந்தால் கோட்டை வெறுங்கல்லாகவே தோன்றும். அக்கதையைச் சுருக்கமாக இங்கும் கூறுகின்றோம்.

கதை நம் வட்டத்திலிருந்தே தொடங்குகின்றது. நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயில் வளாகத்தில் காக்கப்பட்டுவரும் பட்டுப்போன பலா மரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'அம்மச்சிப் பிலாவு' என்று மலையாளத்தில் கூறுவர். இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர், தம்மைக் கொல்லத் துரத்தி வந்த பகைவரிடமிருந்து தப்பி, அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்பிழைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வாறு ஒளிந்தவரே 1729இல் அரசராகி, 1758 வரை ஆண்டு, சிறிய வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூராக்கினார். அவருடைய தலைநகரம், உதயகிரிக்கு மிக அருகிலுள்ள பத்மநாபபுரம்.

அக்காலத்தில் கடல் வாணிகத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர். 1602இல் தோன்றிய அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, மிளகு வாணிகத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்பியது. மலைநாட்டுச் சிற்றரசர் பலர் தனித்தனியே இருந்தால், மிளகைத் தான் சொன்ன விலைக்கு வாங்கலாம் என்பது அதன் கணக்கு. மார்த்தாண்ட வர்மரோ அச்சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவரலானார். கணக்கு பிழைத்தது. 1739இல் இலங்கையின் ஒல்லாந்த ஆளுநர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து அரசரைக் கண்டு பேசினார்; பேச்சு கசப்பில் முடிந்தது. 1741இல் ஒல்லாந்தப் படை குளச்சல் கரையில் இறங்கியது.

நம் அடுக்களையில் அஞ்சறைப் பெட்டியின் ஓர் அறையில் கிடக்கின்றதே மிளகு, அதற்காகக் கடல் கடந்து வந்து போர் புரிந்தனர் என்று கூறியபோது, ஒரு சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பதற்குரியதே. ஆனால் அம்மிளகுக்காகக் குளச்சல் மணலில் செத்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தனர் என்று சொன்னபோது அவள் சிரிப்பு அடங்கியது.

குளச்சலில் ஒல்லாந்தர் அமைத்துக்கொண்ட அரணைத் திருவிதாங்கூர்ப் படை முற்றுகையிட்டது. அரணுக்குள் வெடிமருந்து தீப்பற்றி, அவர்கள் சேமித்து வைத்திருந்த அரிசி எரிந்து போயிற்று. உண்ண உணவின்றி, ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பணிந்தனர். கரையோர மீனவர்களும் அரசர்க்குத் துணைநின்றனர் என்பதும், தோளில் துடுப்புகளைச் சாத்தி அணிவகுத்து நின்று தொலைவிலிருந்து பார்ப்பார்க்குப் பெரும்படை போலத் தோன்றினர் என்பதும் கரையூர்களில் வழங்கும் கதை. இன்றும் குளச்சலில் அவ்வெற்றியின் நினைவாகத் தூண் ஒன்று நிற்கின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியரை வென்ற முதல் ஆசிய அரசு இதுவே என்று சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. பெருமைக்காகப் பொய் சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1662இல், தைவான் தீவில் கொக்சிங்கா என்னும் சீனத் தளபதி இதே ஒல்லாந்தரைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். குளச்சல் வெற்றி தன்னளவிலேயே பெரியது. அதன்பின் தென்மலையாளக் கரையில் ஒல்லாந்தரின் கை தளர்ந்தது. 1753இல் மாவேலிக்கரையில் அவர்கள் மார்த்தாண்ட வர்மருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அவருடைய பகைவர்க்குத் துணைசெய்வதைக் கைவிட்டனர். உண்மை இவ்வளவு அழகாய் இருக்க, அதற்கு ஏன் சாயம் பூசவேண்டும்?

குளச்சல் போரில் பிடிபட்டவருள் ஒருவர் யுஸ்டாசியஸ் பெனடிக்ட் டி லனாய் என்பவர். நம் மக்கள் நாவில் அவர் பெயர் 'டிலனாய்' என்றாயிற்று. தோற்ற பகைவனை அக்கால அரசர்கள் என்ன செய்வார்கள்? தலையை வாங்குவர்; அல்லது இருட்டறையில் அடைப்பர். மார்த்தாண்ட வர்மர் வேறொன்று செய்தார். "உனக்குத் தெரிந்த போர்க்கலையை எம் வீரர்க்குக் கற்றுக்கொடு" என்னும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். டிலனாய் அதை ஏற்றார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். பழைய உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டும் பணியை மேற்பார்த்தார். கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைந்தது. பகைவராய் வந்தவர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, என்று படையினர் போற்றும் நிலையை அடைந்தார். கோட்டைக்கே 'டிலனாய் கோட்டை' என்று ஒரு பெயர் ஏற்பட்டது.

கதையை இவ்வளவில் நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். காலை வெயில் ஏறவில்லை. மதிலோரம் சென்றபோது பெரியவர்கள் கற்களை வியந்தனர். சிறுவர்கள் அணிலைத் துரத்தினர். அத்தனை பெரிய கற்களை எவர் வெட்டினர், எவர் சுமந்தனர், அவர்க்குக் கூலி என்ன என்று ஒரு தாய் கேட்டார். அரசரின் பெயர் தெரியும். தளபதியின் பெயர் தெரியும். கல் சுமந்தவரின் பெயர் ஒன்றும் தெரியாது. நம் குடியிருப்பில் கட்டட வேலை செய்து வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் மதிலின் இணைப்பைக் கையால் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்று மட்டும் சொன்னார். அக்கோட்டைக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதனினும் சிறந்தது இருக்க முடியாது என்று நமக்குத் தோன்றியது.

இந்த நடையில் குழந்தைகளிடம் மறைக்கக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. மார்த்தாண்ட வர்மரின் அரசில் அலுவலராயிருந்தவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. டிலனாயோடு ஏற்பட்ட பழக்கத்தால் அவர் கிறித்தவ மறையைத் தழுவி, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் அவர் சிறைப்பட்டுத் துன்புற்று, 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமாபுரியில் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார். புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறையில் அவர் நினைவாக மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். பகைவனுக்கு வாழ்வளித்த அதே அரசின் காலத்தில்தான் சொந்தக் குடிமகன் ஒருவன் தன் நம்பிக்கைக்காக உயிரிழந்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. ஒன்றை மட்டும் சொன்னால் அது புகழ்ச்சி, அல்லது பழிப்பு. நம் குழந்தைகள் இரண்டையும் கேட்கும் வயதினரே என்று நாம் கருதுகின்றோம்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கல்லுக்கு வருவோம்.

கோட்டைக்குள் கூரையிழந்த சிறிய கிறித்தவக் கோயில் ஒன்று இருக்கின்றது. சுவர்கள் நிற்கின்றன, மேலே வானம் தெரிகின்றது. அங்கேதான் 1777 சூன் முதல் நாள் இறந்த டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். அருகில் அவர் மனைவியும், களக்காட்டுப் போரில் இளவயதில் இறந்த மகனும் துயில்கின்றனர். டிலனாயின் கல்லறைக் கல்லில் எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. இலத்தீனில் உள்ள பகுதி வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்கி, இவர் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அரசர்க்கு உண்மையாய்ப் பணிசெய்தவர் என்று கூறுகின்றது. அதே கல்லில் தமிழும் இருக்கின்றது.

எங்கோ ஐரோப்பாவில் பிறந்தவர். ஒல்லாந்தர்க்காகப் போர் செய்ய வந்தவர். மலையாளமும் தமிழும் கலந்து வழங்கிய நாட்டில் வாழ்ந்து மறைந்தவர். அவருடைய பெயரை எதிர்காலத்துக்கு அறிவிக்க எண்ணியவர்கள் இரண்டு மொழிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்று, அவருடைய சமயத்தின் மொழி. மற்றொன்று, அந்த மண்ணில் நடந்துசெல்லும் மக்களின் மொழியாகிய தமிழ்.

எங்களோடு வந்தவருள் நான்காம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் இருந்தான். கெட்டிக்காரன். புறப்பட்டதிலிருந்து எல்லை வரையில், வழியிலுள்ள கடைப் பலகைகளையெல்லாம் மலையாளத்தில் உரக்கப் படித்துக்கொண்டே வந்தவன் அவன். எல்லை கடந்ததும் அவன் குரல் ஓய்ந்தது. நாம் அப்போது அதைக் கவனிக்கவில்லை. கல்லறையின் அருகே வந்ததும் அவன் தன் பாட்டியின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, "பாட்டி, இது என்ன எழுத்து?" என்று கேட்டான்.

பாட்டி குனிந்து பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்து நிழலில் ஒதுங்காதவர். "தமிழ் எழுத்துப் போலத்தான் இருக்கிறது, ஐயா. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. நீதானே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாய், நீ படித்துச் சொல்லேன்" என்றார்.

சிறுவன் கல்லைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். பின்னர், "எனக்குத் தமிழ் பேசத்தானே தெரியும்" என்றான்.

அங்கே நின்றவர்கள் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பாட்டிக்குப் படிக்கத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அவர் காலத்து வறுமை அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பேரனுக்கோ பள்ளி இருக்கின்றது, புத்தகம் இருக்கின்றது, மாலையில் தனிப்பயிற்சியும் இருக்கின்றது. ஆயினும் தமிழ்க் கல்லின்முன் பாட்டியும் பேரனும் ஒரே நிலையில் நின்றனர். இரண்டு தலைமுறைக்கிடையே இவ்வளவு கல்வி வந்தும், அந்தக் கல்லைப் பொறுத்தவரையில் ஒன்றும் வரவில்லை.

அப்போது நம் குடியிருப்புக்கு மருமகளாக அண்மையில் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி முன்வந்தாள். கல் பழமையானது, எழுத்துகள் சிலவிடங்களில் தேய்ந்திருந்தன. கல்லைத் தொடாமல், விரலைச் சற்று மேலே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். சில சொற்கள் பிடிபட்டன, சில பிடிபடவில்லை. சிறுவனும் தன் விரலைக் காற்றில் நீட்டி அவள் விரலைப் பின்தொடர்ந்தான். 'ட' என்னும் எழுத்தை அவள் காட்டியபோது, "இது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு நாள்காட்டியில் இருக்கிறது" என்று கூவினான். பாட்டியின் முகம் மலர்ந்தது. ஒரே ஓர் எழுத்து; ஆயினும் அன்று அக்கல் முழு ஊமையாய் நிற்கவில்லை.

அன்பர்களே! இதனை எவரையும் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. நம்முள் பலர் நெல்லை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களிலிருந்து பிழைப்பை நாடி இங்கே வந்தவர்கள். சிலரோ தலைமுறை தலைமுறையாக இவ்வெல்லைப் புறத்திலேயே வாழ்பவர்கள். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு எங்கோ போடப்பட வேண்டும், போடப்பட்டது. அதைப்பற்றி இன்று வழக்காட வேண்டுவதில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நமக்குச் சோறும் வீடும் நல்ல அயலாரும் கிடைத்திருக்கின்றனர். நம் குழந்தைகள் மலையாளத்தை நன்றாகக் கற்கவேண்டும், பிழையின்றிப் பேசவேண்டும், அதில் முதல் மதிப்பெண்ணும் பெறவேண்டும். அயல்வீட்டாரின் மொழியை அறியாதவன் அயல்வீட்டாரை அறியாதவனே.

"மலையாளம் இருக்கின்றது, ஆங்கிலம் இருக்கின்றது, மூன்றாவதாகத் தமிழ் எழுத்து வேறு குழந்தைக்குச் சுமையல்லவா? தமிழ்தான் வீட்டில் பேசுகின்றோமே" என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தந்தைக்கும், அடுக்களையிலும் வெளிவேலையிலும் உழலும் தாய்க்கும் பிள்ளையை அருகில் அமர்த்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? அதனை நாம் அறிவோம். ஆனால் பேச்சு மட்டும் நிற்கும் மொழி, பேசுவாரோடு போய்விடும். பாட்டி சொன்ன கதை பாட்டியோடு போகும். ஊரிலிருந்து தாத்தா எழுதிய பழைய கடிதங்கள் தகரப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். திறந்து பார்ப்பவனுக்கு அவை கோலம் போலத் தோன்றும். அந்தக் கல்லறைக் கல் இன்னும் இருநூறு ஆண்டு நிற்கலாம். அதன்முன் நிற்கும் நம் பேரனின் பேரன் இலத்தீனையும் தமிழையும் ஒரே மாதிரி பார்த்து, இரண்டுமே அயல்மொழி என்று நகர்ந்துவிடுவானானால், அதற்குக் கல் பொறுப்பன்று, நாமே பொறுப்பு.

டிலனாயின் வாழ்க்கை இதற்கும் ஒரு பாடம் தருகின்றது. அவர் பிறந்த மண்ணை விட்டு வந்தார். வந்த மண்ணுக்கு உண்மையாய் உழைத்தார். ஆயினும் தம் வழிபாட்டை விடவில்லை. புதியதை ஏற்பதற்குப் பழையதை உதறவேண்டும் என்பதில்லை. பிழைக்க வந்த இடத்துக்கு நன்றியோடு உழைப்பதும், கொண்டுவந்த மொழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அன்றைய பயணத்தின் எஞ்சிய பகுதியைச் சுருங்கக் கூறி முடிக்கின்றோம். அடுத்த முறை செல்வார்க்கு அது பயன்படும். கோட்டையைச் சுற்றிவிட்டு, மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளியோதரையும், அயல்வீட்டு மலையாள அம்மையார் அன்போடு கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கிழங்கும் ஒரே இலையில் சேர்ந்தன. பின்னர்ப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோம். அது தமிழ்நாட்டு மண்ணில் இருக்கின்றது. கேரள அரசின் தொல்பொருள் துறை அதனைப் பேணுகின்றது. எல்லைக்கோட்டைப் பற்றிக் கவலைப்படுவார்க்கு அதுவே நல்ல விடை. கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரையும், மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலுமாக இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணத்தக்க ஊட்டுப்புரையும் குழந்தைகளைக் கவர்ந்தன. திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

மாலையில் குளச்சல் சென்று வெற்றித் தூணைக் கண்டு, கடற்கரையில் சிறிது நேரம் அமர்ந்தோம். போர் நடந்தது அந்த மணலில். போரின் விளைவு நின்றது உதயகிரிக் கல்லில். இரண்டையும் ஒரே நாளில் கண்டால்தான் வட்டம் நிறைவுறும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்ந்தனர். அரசர்க்குத் துணைநின்றதாகக் கதை கூறும் அந்த மீனவரின் வழித்தோன்றல்களே இன்றும் அங்கே வலை உலர்த்துகின்றனர் என்று எண்ணியபோது, தூணை நோக்கி வணங்கிய நாம் அவர்களையும் நோக்கி மனத்துள் வணங்கினோம்.

செல்வோர் சில செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அம்மாவட்டத்தை நனைப்பவை. ஆதலின் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் நடைக்கு ஏற்றவை. காலையிலேயே கோட்டைக்குள் நுழைந்துவிட வேண்டும். குடிநீரும் குடையும் கையில் இருக்கட்டும். மதிலின் இடுக்குகளில் குழந்தைகள் கைவிடாதபடி பார்த்துக்கொள்க. பழைய கல்லிடுக்கில் பாம்பு இருக்கலாம். மானுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். உண்ட இடத்தைத் தூய்மை செய்துவிட்டே எழுங்கள். கல்லில் பெயரைக் கிறுக்காதீர்கள். கல்லில் பெயர் எழுதப்பட வேண்டுமானால், அதற்குரிய வாழ்வை முதலில் வாழவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் அறை இருக்கின்றது, கரும்பலகை இருக்கின்றது. அன்று கல்லறையருகே எழுத்துக் கூட்டிய அந்த மருமகள், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க இசைந்திருக்கின்றாள். வேண்டுவது ஒன்றே: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகளை அனுப்புங்கள். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. வர விரும்பும் பாட்டிமாரும் வரலாம். பேரனோடு அமர்ந்து 'அ' எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தச் சிறுவனின் பாட்டி, "முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று நேற்றே சொல்லிவிட்டார்.

அடுத்த தை மாதத்தில் நாம் மீண்டும் உதயகிரிக்குச் செல்லவிருக்கின்றோம். அதே வாயில், அதே நிழல் வழி, அதே கூரையில்லாத கோயில். வழிப்போக்கனை நிற்கச் சொல்லும் அந்தக் கல்லின்முன் அனைவரும் நிற்போம். அப்போது மருமகள் பின்வரிசையில் நிற்கட்டும். பாட்டி கேட்கட்டும், பேரன் படிக்கட்டும்.

 குழந்தைகளே, இனி நாடகம் தொடங்கலாம்.